நாடாளுமன்றத்தில் எழுத்துப்பூர்வக் கேள்வி: தோட்டத்து மக்கள் கேட்டு வாங்க வேண்டியது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்து லயன்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரு குறை என்றால், நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் மனு கொடுத்து, முத்திரை குத்திய நகலை வாங்கிக்கொண்டு காத்திருப்பதே வழக்கம். அந்த மனுவுக்குப் பதில் சொல்லும் கடமை எந்த அமைச்சருக்கும் இல்லை. அதே விவரத்தை நாடாளுமன்ற உறுப்பினர் மக்களவையில் எழுத்துப்பூர்வக் கேள்வியாகக் கொடுத்தால், அமைச்சு எழுத்தில் பதில் தர வேண்டும். அது அவைப் பதிவிலும் சேரும். பொதுமக்கள் நேரடியாகக் கேள்வி கொடுக்க முடியாது. ஆகவே ஒய்.பி.யிடம் (நாடாளுமன்ற உறுப்பினரிடம்) பரிந்துரைக் கடிதம் கேட்டு நிற்பதைவிட, கேள்வியை எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பது பயன் தரும். அவர் அமைச்சராக இருந்தால் கேள்வி கேட்க மாட்டார். வேறு தொகுதி உறுப்பினரை அணுகுங்கள்.

பலர் ஏமாறும் இடம், எந்த அவையில் கேட்பது என்பது. நிலம் மாநில அதிகாரம். கோயில் நிலத்தையோ குடியிருப்பு நிலப்பட்டாவையோ நாடாளுமன்றத்தில் கேட்டால், மாநில அரசைக் கேளுங்கள் என்ற ஒற்றை வரியோடு ஒரு கூட்டத்தொடர் வீணாகும்; அதைப் பேராக் சட்டமன்றத்தில் லிந்தாங், ஜாலோங் தொகுதிகளின் உறுப்பினர்கள் கேட்க வேண்டும். குடியுரிமைக்கு உள்துறை அமைச்சு, தோட்ட வீடுகளின் தரத்துக்கு மனிதவள அமைச்சு, தமிழ்ப்பள்ளிக்குக் கல்வி அமைச்சு. பள்ளிக் கட்டடத்துக்கு ஓர் அவை, அது நிற்கும் நிலத்துக்கு இன்னோர் அவை என்பதை யார் வகுத்தார்களோ, அலைவது பெற்றோர்தான்.

அடுத்தது சொற்கள். "தோட்ட மக்களின் நலனுக்கு அரசு என்ன செய்கிறது?" என்று கேட்டால், ஒதுக்கீடுகளின் பட்டியல் ஒன்று அழகாக வந்து சேரும், உங்கள் ஒழுகும் கூரை அதில் இருக்காது. "தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டத்தின் கீழ், கோலகங்சார் மாவட்டத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் ஆண்டுவாரியாக எத்தனை தோட்டங்கள் சோதிக்கப்பட்டன, எத்தனையில் மீறல் காணப்பட்டது, எத்தனை முதலாளிகள் மீது வழக்குத் தொடரப்பட்டது?" என்று கேட்டால் நழுவுவது கடினம். மாவட்டம், கால அளவு, எண்ணிக்கை மூன்றும் கேள்வியில் இருக்கட்டும். குடும்பத்தின் பெயரும் அடையாளக் கார்டு எண்ணும் வேண்டாம். அமைச்சரின் கருத்தைக் கேட்கும் கேள்வியும், நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கைத் தொடும் கேள்வியும் தள்ளுபடியாகும்.

மக்களவை வழக்கமாக ஆண்டுக்கு மூன்று முறைதான் கூடுகிறது. கேள்வியையோ கூட்டத்துக்கு முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். "அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்" என்று சேவை மையத்தில் சொன்னால், கேள்வி கொடுக்கக் கடைசி நாள் எது என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கொடுத்த கேள்வியின் நகலையும் வாங்குங்கள்.

கேள்வி போய்விட்டது என்று மற்ற வேலைகளை நிறுத்திவிடாதீர்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீசின் கெடு இதனால் நீளாது. அதற்கு உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். வயது வரம்புள்ள குடியுரிமை விண்ணப்பமும் அப்படியே: அமைச்சு பதில் எழுதும்வரை பிள்ளையின் வயது நிற்காது.

"ஆய்வில் உள்ளது" என்று பதில் வந்தால் கோபப்பட்டு ஒதுக்காமல், அந்தப் பதிலின் தேதியைச் சுட்டி, ஆய்வு எப்போது தொடங்கியது, எந்த அதிகாரியின் பொறுப்பில் உள்ளது, எந்த மாதம் முடியும் என்று அடுத்த கூட்டத்தில் கேட்கச் சொல்லுங்கள். எண்ணிக்கையோடு பதில் வந்தால் அச்செடுத்து, தொழிலாளர் இலாகாவுக்கு எழுதும் புகாரோடு இணையுங்கள்.