“எங்க வம்சமே கட்டைதான்” என்று சொல்லாதீர்கள்

போன வாரம் ஒரு அம்மா என் மேஜைமேல் காலிச் சத்துப் பவுடர் டப்பா ஒன்றை வைத்தார். “இதோட மூணு டப்பா முடிஞ்சிருச்சு டாக்டரம்மா, பையன் வளரவே இல்லை. வேற நல்லதா எழுதிக் கொடுங்க.” கூட வந்த மாமியார், “எங்க வம்சமே கட்டைதான், அப்பனை மாதிரி வந்துட்டான்” என்றார். தேனி மாவட்டத்துக் கம்பத்தில் குழந்தை வைத்தியம் பார்க்கிற நான் இந்தப் பேச்சை இந்த மாதம் ஐந்தாவது தடவையாகக் கேட்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பையனுக்கு ஆறு வயது. செருப்பைக் கழற்றிச் சுவரோடு நிறுத்தி அளந்தேன். 103 செ.மீ. இந்த வயதில் 116 இருக்கலாம். 106-க்குக் கீழே இறங்கினால் வளர்ச்சி குன்றல் என்றுதான் நாங்கள் எழுதுவோம். அப்பா 168, அம்மா 152. இரண்டையும் கூட்டி, ஆண் பிள்ளைக்கு 13 சேர்த்து, பாதியாக்கினால், வளர்ந்து ஆளானபின் அவன் எட்டக்கூடிய உயரம் 166 சொச்சம் வருகிறது. வம்சத்தின் மேல் பழி போட இடமில்லை.

இடுப்பிலிருந்த தங்கச்சியையும் இறக்கி அளந்தேன். மூன்று வயது, 94 செ.மீ. வயதுக்குச் சரியான உயரம். அதே அப்பா, அதே அம்மா.

விசாரித்தேன். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது குடும்பம் கேரளாவில் நெடுங்கண்டம் பக்கம், ஏலத்தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில். விடிந்ததும் அம்மா காய் எடுக்கப் போய்விடுவார். பிள்ளையைப் பார்த்துக்கொண்டது எட்டு வயதுச் சிறுமி. பகல் முழுக்கப் பாலில்லாத கட்டஞ்சாயாவில் நனைத்த ரஸ்க். ஓடைத் தண்ணீர், அடிக்கடி வயிற்றுப்போக்கு. தங்கச்சி பிறந்த சமயம் அப்பாவுக்குக் கம்பத்திலேயே நிலையான லாரி வேலை. அம்மா இரண்டு வருடம் வீட்டிலிருந்து பாலும் சோறும் கொடுத்தார்.

ஜீன் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. வயிறார உண்ட பிள்ளைகளுக்குள் நெட்டை, குட்டை வருவது பெரும்பாலும் அதனால்தான். ஆனால் இந்தியா, கானா, நார்வே, ஓமன், பிரேசில், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில், நல்ல வசதியில் வளர்ந்த குழந்தைகளை அளந்துதான் உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வளர்ச்சி அட்டவணை வெளியிட்டது. ஐந்து வயது வரை எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் நூறு வருடத்தில் சுமார் 20 செ.மீ. கூடியது. நூறு வருடத்தில் ஜீனா மாறும்? நம் நாட்டில் 2019-21 கணக்கெடுப்பில், மிக ஏழை வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் 46 பேர் வளர்ச்சி குன்றியவர்கள்; மிக வசதியான வீடுகளில் 23. அப்பன் குட்டை என்கிறீர்களே, அவருக்கு இரண்டு வயதில் யாராவது முட்டை கொடுத்தார்களா என்று மாமியாரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்பக் கஞ்சிக்கே வழியில்லைம்மா” என்றார்.

முதல் வருடம் 25 செ.மீ., இரண்டாம் வருடம் 12 செ.மீ. போல வளரும். அதற்கப்புறம் அந்த வேகம் இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பிறகு பருப்புச் சோறு, முட்டை, எண்ணெய் அல்லது நெய். சாயா வேண்டவே வேண்டாம். டப்பா வாங்கும் காசுக்கு முட்டையும் கடலையும் வாங்குங்கள். அங்கன்வாடிச் சத்துமாவை மாட்டுக்குக் கலக்காதீர்கள், கோபம் வருகிறது. தோட்ட வேலைக்கு மலையேறினால் பிள்ளையின் அங்கன்வாடிக் கார்டையும் எடுத்துப் போங்கள்; கேரள அங்கன்வாடியில் மூன்று வயது வரை அமிர்தம் பொடி என்ற சத்துமாவு தருகிறார்கள், போய்க் கேட்டுப் பதியுங்கள். கான்வென்ட் ஆசையில் அரசுப் பள்ளியின் காலைச் சாப்பாட்டையும் மதிய முட்டையையும் விடுமுன் ஒரு தடவை யோசியுங்கள். நாலு வயதுக்கு மேல் வருடத்துக்கு 5 செ.மீ. கூட வளராத பிள்ளையைக் கூட்டி வாருங்கள், தைராய்டு போன்ற வேறு காரணங்களும் பார்க்க வேண்டும்.

தோட்டக் கங்காணிமாரிடம் ஒரு வேண்டுதல்: கைக்குழந்தைக்காரிகளுக்கு நடுவில் ஒரு தடவை லயத்துக்குப் போய் வர நேரம் கொடுங்கள்.

அந்தப் பையனுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்து, ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறேன். இழந்த உயரம் முழுதும் திரும்பாது, கொஞ்சம் திரும்பும். மூன்று மாதம் கழித்து அதே சுவரில் அளப்பேன்.