கச்சேரிச் சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள்

மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கீசர் 1628இல் கட்டினார்கள். பத்தே ஆண்டில், 1638இல், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1795இல் அது பிரித்தானியர் கைக்குப் போனது. பின்னர் மதிலுக்குள் அரச நிர்வாகம் குடியேறி, மட்டக்களப்பாருக்குக் கோட்டையும் கச்சேரியும் (மாவட்ட அரச செயலகம்) ஒரே இடமாயின. அலுவலகம் நடந்த இடம் என்பதால்தான் இந்தக் கோட்டைக்கு இத்தனை காலம் கவனிப்புக் கிடைத்தது என்பது என் எண்ணம்.

பாவனையில் உள்ள பழைய கட்டடங்களுக்கு ஆபத்தும் அந்தக் கவனிப்பின் வழியாகவே வருகிறது. சுவரின் அடியில் பூச்சு உதிர்ந்தால் உடனே சீமெந்து பூசிவிடுகிறார்கள்.

வாவி ஓரத்து நிலத்தில் உப்பு ஈரம் உண்டு. சுவர் அதை உறிஞ்சும். சுண்ணாம்புச் சாந்தில் நுண்துளைகள் இருப்பதால் ஈரம் வெளியே ஆவியாகிவிடும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்தில் வெளிவருகிறது. அங்கே உப்பு படிகமாகிப் பருத்து, பழைய சாந்தையும் கல்லையும் மாவாக்குகிறது. இரண்டு மூன்று மாரி கழிந்ததும் சீமெந்து பாளமாகக் கழன்று, கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். பிளாஸ்டிக் பெயின்ற்றும் இதே கேட்டைத்தான் செய்யும். அதற்குப் பதில் சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும்.

வெள்ளை உப்புப் பூத்திருந்தால் கழுவாதீர்கள். தண்ணீரில் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த தூரிகையால் துடைத்து, தூளை அள்ளி அப்புறப்படுத்துங்கள். அதற்கும் முன்பாகப் பீலியையும் வடிகாலையும் பாருங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழும்வரை எந்தப் பூச்சும் நிற்காது.

சாந்துக்கு நன்றாக நீற்றி ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, அரித்த ஆற்று மணல் மூன்று பங்கு. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கிறது. சுவரை நனைத்து, ஒரு தடவைக்கு 10 மில்லிமீற்றருக்கு மேல் போகாமல் பூச வேண்டும். முதல் பூச்சு இறுகிய பின்பே அடுத்தது.

சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உள்வாங்கி மெதுவாக இறுகும். அதற்கு ஈரம் வேண்டும். கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்றடிக்கும் மாதங்களில் பூசியதை அப்படியே விட்டால் ஓரிரு நாளில் வறண்டு, விரலால் தேய்த்தாலே உதிரும். ஈரச் சாக்குத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது காக்க வேண்டும். வேலை அவசரம் என்று இந்த ஒரு வாரத்தை வெட்டுவதே நான் அதிகம் காணும் பிழை. "சுண்ணாம்பு நிற்காது சேர், சீமெந்தே போடுவம்" என்ற பேச்சும் அங்கிருந்துதான் பிறக்கிறது.

மதிலில் ஆல், அரசு முளைத்தால் இழுத்துப் பிடுங்க வேண்டாம். வேரோடு கல்லும் வரும். கன்றாக இருக்கும்போதே வெட்டி, அடிக்கட்டைக்கு மருந்திட்டு, வேர் பட்டுப்போன பின் இடைவெளியைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்கலாம்.

பாதுகாக்கப்பட்ட தொல்பொருள் சின்னத்தில் சிறு திருத்தத்துக்கும் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி தேவை. விண்ணப்பத்தை ஆண்டின் தொடக்கத்திலேயே கொடுங்கள். ஒக்டோபரில் கையெழுத்து வந்தால், வாடை மழைக்கு முன் பூச்சு இறுக நாள் போதாது.