பல் இல்லாத இடத்தைத் தேடும் ஈசியூ

பழைய கார்புரேட்டர் ஜிப்ஸி ஒன்றை இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். செல்ஃப் அடித்ததும் ஸ்டார்ட் ஆனது, ஸ்லோ ஸ்பீடிலும் நின்றது. 3,500 ஆர்பிஎம்மைத் தொட்டதும் மிஸ்ஸிங் அடித்தது. பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து, எந்த வேகத்துக்கு எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் எரிபொருள் மேப்பை மூன்று நாள் திருத்திக்கொண்டே இருந்தேன். கோளாறு பெட்ரோலில் இல்லை. கிராங்க் தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் கிராங்க் சென்சாரின் இரண்டு வயர்களை நான் மாற்றிக் கொடுத்திருந்தேன்.

இரண்டு வயரும் மாறிப்போனால் இன்ஜின் எப்படி ஓடும்? ஓடும். ஓடுவதால்தான் அந்தப் பக்கம் சந்தேகமே போவதில்லை.

கார்புரேட்டர் காலத்தில், சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினோடு பல் கோத்துச் சுற்றியது. பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பது அந்த இணைப்பிலேயே இருந்தது. வெளியில் வாங்கிப் பொருத்தும் ஈசியூவுக்கு, அதாவது பெட்ரோலையும் தீப்பொறியையும் கட்டுப்படுத்தும் கணினிக்கு, அப்படி எந்த இணைப்பும் கிடையாது. கிராங்க் புல்லியில் மாட்டிய பல் சக்கரத்தின் அருகே ஒரு சென்சார் இருக்கும். ஒரு பல் கடந்தால் ஒரு துடிப்பு வரும். ஈசியூ அறிந்த இன்ஜின் அவ்வளவுதான்.

ஃபோர்டு பரவலாகப் பயன்படுத்திய 36-1 சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். 36 பற்களுக்கான இடம், அதில் ஒன்று வெட்டப்பட்டிருக்கும். பல்லுக்குப் பல் 10 பாகை. வெட்டிய இடத்தில் மட்டும் 20 பாகை. பாஷ் வழக்கமான 60-2 சக்கரத்தில் பல்லுக்குப் பல் 6 பாகை, இரண்டு பற்கள் இருக்காது. ஈசியூ ஒவ்வொரு துடிப்புக்கும் இடைப்பட்ட நேரத்தை அளக்கிறது. புதிய இடைவெளி முந்தையதைவிட ஒரு குறிப்பிட்ட அளவு நீண்டிருந்தால், பொதுவாக ஒன்றரை மடங்குக்கு மேல், ‘இதுதான் பல் இல்லாத இடம்’ என்று முடிவுகட்டும். அங்கிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வரும்.

அந்த எண்ணிக்கையில் அவசரம் அதிகம். 6,000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு மில்லி விநாடியில் 36 பாகை சுற்றுகிறது. இக்னிஷன் காயில் நிறைய மின்னேற்றம் பெற 3 மில்லி விநாடி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கிராங்க் 108 பாகை போய்விடும். ஆகவே தீப்பொறி விழ வேண்டிய இடத்துக்கு 108 பாகை முன்பாகவே காயிலுக்கு மின்சாரம் கொடுத்தாக வேண்டும். எண்ணிக்கையில் ஒரு பல் பிசகினால் தீப்பொறி 10 பாகை தள்ளி விழும். நல்ல லோடில் 10 பாகை முன்னால் விழுந்தால் இன்ஜின் நாக்கிங் அடிக்கும் (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டும்), பிஸ்டனே உடையலாம்.

இனி அந்த இரண்டு வயர் விஷயம். ஜிப்ஸியில் நாங்கள் போட்டது காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும் கொண்ட வகை. இதற்கு வெளி மின்சாரம் வேண்டாம். பல் நெருங்கும்போது காந்தப்புலம் வலுத்து, சுருளில் மின்னழுத்தம் ஒரு திசையில் ஏறும். பல் சென்சாருக்கு நேராக வரும் கணத்தில் மின்னழுத்தம் சரேலென்று சுழியை (பூஜ்யத்தை) கடந்து எதிர்த்திசைக்குப் போகும். அந்தக் கடப்புதான் ஈசியூவுக்கு வேண்டிய துல்லியமான குறி.

வயரை மாற்றிக் கொடுத்தால் அலை தலைகீழாகிறது. ஈசியூ இப்போது பல்லின் நடுவைப் பார்ப்பதில்லை, இரண்டு பற்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தைப் பார்க்கிறது. சாதாரணப் பள்ளங்களுக்கு இடையே அதே 10 பாகைதான், அதனால் வித்தியாசம் தெரியாது. வெட்டிய இடத்துக்கு வரும்போது கதை மாறுகிறது. அங்கே ஒரே ஒரு அகலப் பள்ளம். அதன் நடுவில் ஒரு துடிப்பு. ஒரு 20 பாகை இடைவெளி கிடைக்க வேண்டிய இடத்தில் இரண்டு 15 பாகை இடைவெளிகள் வருகின்றன. 15 என்பது 10-இன் சரியாக ஒன்றரை மடங்கு! ஈசியூ வைத்திருக்கும் எல்லைக்கோட்டிலேயே வந்து உட்காருகிறது. போதாக்குறைக்கு அந்த அகலப் பள்ளத்தில் மின்னழுத்தம் சுழியை ஒட்டியே தவழ்வதால், கடக்கும் கணமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு சுற்றில் இடம் பிடிபடும், அடுத்த சுற்றில் தவறும். எங்கள் வண்டியில் நடந்தது இதுவேதான்.

இந்த வகைச் சென்சாரின் மின்னழுத்தம் வேகத்தோடு ஏறும். செல்ஃப் அடிக்கும்போது 200 ஆர்பிஎம், ஓட்டத்தில் 6,000. கிட்டத்தட்ட 30 மடங்கு வேறுபாடு. தொடக்கத்தில் அவ்வளவு மெல்லிய சமிக்ஞை என்பதால் பக்கத்து வயர்களின் இரைச்சல் எளிதில் அதை விழுங்கிவிடும். இரண்டு பற்களுக்கு நடுவில் காயிலின் இரைச்சல் ஒரு பொய்த் துடிப்பைப் போட்டால் 10 பாகை 3 என்றும் 7 என்றும் பிளவுபடும். 7 என்பது 3-இன் இரு மடங்குக்கும் மேல். உடனே ஈசியூ அங்கே இல்லாத ஓட்டையைக் ‘கண்டுபிடித்து’ எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கிவிடும்.

அதனால்தான் சென்சாருக்கு முறுக்கிய ஜோடி வயர், மேலே ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை). ஷீல்டை ஈசியூ பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள்; இரு முனையிலும் செய்தால் இன்ஜின் எர்த்தில் ஓடும் மின்சாரத்துக்கு அதுவே வழியாகிவிடும். பிளக் வயரிலிருந்து விலக்கிக் கொண்டுபோங்கள். பிளக்கும் ரெசிஸ்டர் உள்ளதாக இருக்கட்டும்.

கிராங்க் சென்சாரில் இன்னொரு வகை ஹால் சென்சார். இதற்கு மூன்று வயர்: சப்ளை, எர்த், சமிக்ஞை. வேகம் எதுவானாலும் ஒரே அளவு சதுர அலை. பெரும்பாலானவை சமிக்ஞையைக் கீழே இழுக்க மட்டுமே தெரிந்தவை. மேலே தூக்க 5 வோல்ட்டிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வேண்டும்; அது இல்லாவிட்டால் துடிப்பே வராது. எர்த்தை பாடியில் எங்கோ ஒரு போல்ட்டில் முடியாதீர்கள். ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது எர்த் பட்டையில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் ஏறிவிடும். சென்சாரின் எர்த் நேராக ஈசியூவின் சென்சார் எர்த்துக்கே திரும்ப வேண்டும். ஈசியூவின் மின் எர்த்துகள் எல்லாம் இன்ஜின் பிளாக்கில் ஒரே இடத்தில் சேரட்டும். சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பும்போது சில வயர்களில் மின்சாரம் நின்றுவிடும். ஈசியூ ரிலேவை அப்படிப்பட்ட வயரிலிருந்து இயக்கக்கூடாது.

கேம் சென்சார் (வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைப் பார்க்கும் சென்சார்) தேவையா என்று பலரும் கேட்கிறார்கள். நான்கு ஸ்ட்ரோக் சுழற்சிக்குக் கிராங்க் இரண்டு சுற்று சுற்றுகிறது. இது எந்தச் சுற்று என்பது கிராங்க் சக்கரத்துக்குத் தெரியாது. ஒவ்வொரு இன்ஜெக்டரையும் அதனதன் நேரத்தில் திறக்க வேண்டுமென்றால் கேம் சென்சார் வேண்டும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஜோடி ஜோடியாகத் தீப்பொறி விட்டால் போதும் என்றால் வேண்டாம்.

மூன்றாம் நாள் மாலை பட்டறையின் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்தார். “மேப்ப விடுங்க தம்பி, மொதல்ல டைமிங் லைட்டக் காட்டுங்க” என்றார். ஈசியூவில் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் கோணத்தை, 10 பாகையில் பூட்டிவிட்டு, ஒவ்வொரு தீப்பொறிக்கும் மின்னும் அந்த லைட்டைப் புல்லியில் அடித்தோம். ஆக்ஸிலரேட்டரை மெல்ல ஏற்ற ஏற்ற, நகரவே கூடாத வெள்ளைக் குறி நகர்ந்துகொண்டே போனது. கனெக்டரைக் கழற்றி இரண்டு பின்களையும் இடம் மாற்றிப் போட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்தோம். பல் கணக்கும் அரைப் பல் தள்ளியிருந்ததால் ஈசியூவில் டிரிகர் கோணத்தை (பல் இல்லாத இடத்துக்கும் பிஸ்டன் உச்சிக்கும் இடையிலான கோணம்) 5 பாகை திருத்தினேன். 4,000 வரை ஏற்றிப் பார்த்தோம். குறி ஆணி அடித்தது போல 10-இல் நின்றது.