சருகெரிப்பு: ‘கலாச்சார எரிப்பு’ என்பது ஏன் பிழை?

பழங்குடி மக்கள் காட்டைப் பேணிய விதம் பற்றித் தமிழில் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் ‘கலாச்சார எரிப்பு’ வந்து நிற்கிறது. தனித்தமிழ் ஆர்வம் உள்ளவர்கள் ‘பண்பாட்டு எரிப்பு’ என்கிறார்கள். சொல் மாறியதே தவிர, கோளாறு அப்படியே இருக்கிறது.

முதலில் பொருள். கோடை முற்றும் முன், புல்லில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும்போதே, காட்டுத் தரையில் கிடக்கும் சருகுக்குத் தீ வைப்பது. தீ தாழ்வாக ஊர்ந்து போகும். பெரிய மரங்கள் தப்பிவிடும். நாம் மொழிபெயர்க்கும் ஆங்கிலத் தொடர் (cultural burning) பெரிதும் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் வழக்கத்தை ஒட்டிப் பரவியது. ரீஸ் ஜோன்ஸ் என்ற தொல்லியலாளர் 1969-இல் அதற்கு வேறொரு பெயரும் (fire-stick farming) வைத்தார். அதைத் ‘தீக்குச்சி விவசாயம்’ என்று பெயர்ப்பதும் தவறு. அவர் சொன்னது கையில் ஏந்திப் போகும் கொள்ளிக்கட்டையை. பெட்டியில் உரசும் குச்சியை அல்ல.

இனி ‘கலாச்சார எரிப்பு’. தமிழில் ‘எரிப்பு’ என்று முடியும் தொடர்களை நினைத்துப் பாருங்கள்: கொடும்பாவி எரிப்பு, நூலக எரிப்பு, பிண எரிப்பு, சட்ட எரிப்பு. எல்லாவற்றிலும் முன்னால் நிற்பதுதான் எரிகிறது. நூலக எரிப்பு என்றால் நூலகம் எரிந்தது. யாழ்ப்பாணத்தை அறிந்த எவருக்கும் அதில் ஐயம் வராது. அப்படியானால் கலாச்சார எரிப்பில் எரிவது எது? கலாச்சாரம்தான். ஒரு மக்கள் கூட்டத்தின் அறிவைப் போற்ற வந்த தொடர், அவர்கள் பண்பாட்டையே கொளுத்துவதாகத் தமிழில் பொருள் தருகிறது. ஆங்கிலத்தில் ‘பண்பாடு’ என்னும் அடைக்கு ஒரு வேலை உண்டு. அரசுத் துறைகள் வைக்கும் தீயிலிருந்து தங்கள் தீயைப் பிரித்துக்காட்டப் பூர்வகுடிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த உரிமைக்குரல் நம் தொடரில் கொஞ்சமும் ஒலிக்கவில்லை.

தொலைவில் தேட வேண்டியதும் இல்லை. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையிலும், இந்தப் பக்கம் தாளவாடி, பர்கூர் மலைகளிலும் வாழும் சோளகர் என்னும் பழங்குடிகளிடம் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: தரகு பெங்கி. தரகு என்றால் உதிர்ந்து காய்ந்த இலை, நம் சருகு. பெங்கி என்றால் தீ. கன்னடத்தில் வகரம் பகரமாகும். வெந்தது, வெம்மை என்ற நம் சொற்களின் உறவு அது. ஆக, சருகுத்தீ. எதை எரிக்கிறோம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

எதற்காக எரித்தார்கள் என்பதற்கு நெல்லி மரத்தைப் பார்த்தால் போதும். நெல்லிக்கிளையில் புல்லுருவி ஏறினால் மரம் மெலிந்து, காய் குறைந்து, கடைசியில் பட்டுப்போகும். சருகுத்தீ அதை அடக்கி வைத்தது என்பது சோளகர் சொல்லும் கணக்கு. காட்டை மூடிப் பரவும் உண்ணிச்செடியின் (லான்டானா) நாற்றுகளும் அந்தத் தீயில் கருகின. 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 1974-இல் பிலிகிரிரங்கன் மலை சரணாலயமானதும் அந்தத் தீயைக் குற்றமாக்கின. அதன்பின் புல்லுருவி பெருகியது. 1997-க்கும் 2008-க்கும் இடையே உண்ணி காணப்பட்ட இடங்கள் ஏறக்குறைய இரு மடங்காயின. வளர்ந்த உண்ணிப்புதர் தீயில் கருகினாலும் மீண்டும் துளிர்க்கும்; அதில் பற்றும் தீ தரையோடு நிற்காமல் மரக்கிளைக்கு ஏறும். 2011-இல் அங்குள்ள சோளகர்களின் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை, அதாவது காட்டை ஊராகச் சேர்ந்து பயன்படுத்திப் பேணும் உரிமை, வழங்கப்பட்டது பெரிய செய்தி. ஆனால் அந்தத் தலைமுறைகளின் தீயறிவைச் சொல்ல நம் எழுத்தில் ஒழுங்கான ஒரு சொல் இல்லை.

செய்தியாளர்கள் இதையும் ‘காட்டுத்தீ’ என்றே எழுதுவது இன்னும் மோசம். 2018 குரங்கணிக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே நமக்குச் சாவு நினைவுக்கு வருகிறது. வராமல் தடுக்கும் தீக்கும் வந்துவிட்ட தீக்கும் ஒரே பெயரா? ‘கட்டுப்படுத்தப்பட்ட எரிப்பு’ அலுவலகத் தமிழ்; யார் கட்டுப்படுத்தினார்கள் என்றும் சொல்லாது, எது எரிந்தது என்றும் சொல்லாது. அகராதியைப் புரட்டாமல் ஆங்கிலத்தின் அடுக்கை அப்படியே கவிழ்த்துக் கொட்டும் பழக்கம் நம் மொழிபெயர்ப்பாளர்களை விட்டுப் போக வேண்டும்.

சங்கச் சொல் தேடுவோர் ‘புனஞ்சுடுதல்’ என்பார்கள். அகநானூற்று நெய்தல் பாட்டொன்றில் ‘இதைமுயல் புனவன்’ எழுப்பும் புகை வருகிறது. ‘இதை’ என்றால் புதுப்புனம், புதிதாகத் திருத்திய மலைக்கொல்லை. அழகான சொல்தான், ஆனால் அது தினை விதைக்க வைக்கும் தீ. சோளகர்களும் முன்பு அப்படிப் பயிர் செய்தவர்களே. இருந்தும் சருகுத்தீ விதைப்புக்கானது அல்ல, நின்ற காட்டுக்கானது. இரண்டையும் கலக்கக் கூடாது.

செயலைச் சொல்லும்போது சருகெரிப்பு, தீயைச் சொல்லும்போது சருகுத்தீ என்று எழுதலாம். தெருவோரம் இலைக்குப்பை கொளுத்துவதும் சருகெரிப்புதானே என்று கேட்பது நியாயமே. குழப்பம் வரும் இடத்தில் ‘காட்டுச் சருகெரிப்பு’ என்றால் தீர்ந்தது. சோளகர் வழக்கத்தைக் குறிக்கும்போது ‘தரகு பெங்கி’ என்றே எழுதி, பக்கத்திலேயே பொருளையும் சொல்லிவிடுங்கள். ‘தரகு நெருப்பு’ என்று பாதி பெயர்த்து விட்டால் தமிழ் வாசகர் நிலத்தரகரைத்தான் நினைப்பார்.