வெள்ளை படர்ந்த சுருட்டு முதிர்ந்த சுருட்டு அல்ல

இந்த மாதத்தில் இது மூன்றாவது பெட்டி. கொண்டுவந்தவர் அதை என் மேசைமேல் வைத்து, பிறந்த குழந்தையின் முகத்தைக் காட்டுவதுபோல மூடியை மெல்லத் திறந்தார். அவருடைய அப்பா 2011-இல் வாங்கிவைத்த கியூபச் சுருட்டுகள், 25 எண்ணம். மேல் வரிசை முழுவதும் கோலமாவு தூவியதுபோல வெள்ளை. "எவ்வளவு அருமையாக முதிர்ந்திருக்கிறது பாருங்கள் சார். இந்த வெள்ளைக்குத் தனி மதிப்பு உண்டாமே?" என்றார். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தவர் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. மாவு என்று அவர் நினைத்தது மெல்லிய நூல்களாக எழுந்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. பூஞ்சணம்.

சென்னையில் விடுதிகளுக்கும் வீடுகளுக்கும் சுருட்டுப் பெட்டிகளைப் பராமரித்துத் தருவது என் தொழில். சுருட்டு உடம்புக்கு நல்லது என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை, இங்கும் சொல்லப்போவதில்லை. ஆனால் வாங்கிச் சேர்த்துவைத்திருப்பவர்களும் அப்பா, தாத்தா விட்டுச் சென்றதைக் காப்பாற்ற நினைப்பவர்களும் ஒரே ஒரு தவறான நம்பிக்கையால் பெட்டி பெட்டியாக இழப்பதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அந்த நம்பிக்கை இதுதான்: சுருட்டு வயதாக வயதாக அதன் எண்ணெய் மேலே கசிந்து, வெள்ளைப் படிகமாகப் பூக்கும், அதை 'புளூம்' என்பார்கள், அது வந்தால் சுருட்டு உச்சத்தில் இருக்கிறது. திராட்சையின்மேல், நாவல் பழத்தின்மேல் சாம்பல் பூத்ததுபோல ஒரு படலம் இருக்கிறதே, அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நம்பும்படியாகவும் இருக்கிறது. பழத்தின்மேல் இருப்பது தோலோடு வளர்ந்த மெழுகு. சுருட்டின்மேல் இருப்பது எங்கிருந்தோ வந்து குடியேறிய உயிர். இத்தனை ஆண்டுகளில் 'புளூம்' என்று சொல்லி என்னிடம் வந்த பெட்டிகளில் ஒன்றில்கூட லென்ஸுக்குக் கீழே படிகத்தை நான் கண்டதில்லை. ஒவ்வொரு முறையும் நூல்தான், ஒவ்வொரு முறையும் பூஞ்சணம்தான். பச்சையாகவோ நீலமாகவோ இருந்தால்தான் பூஞ்சணம், வெள்ளை என்றால் நல்லது என்று ஒரு கிளைக்கதையும் உலவுகிறது. தயவுசெய்து அதையும் மறந்துவிடுங்கள். பல பூஞ்சணங்கள் வெள்ளையாகத் தொடங்கி, பிறகுதான் நிறம் காட்டும். ஊறுகாய் ஜாடியில் உப்பு குறைந்து மேலே வெள்ளை படர்ந்தால் நம் வீட்டில் யாராவது "முதிர்ந்துவிட்டது" என்று மகிழ்ந்ததுண்டா? சுருட்டு என்றவுடன் மட்டும் அந்த அறிவு ஏன் விலகிப்போகிறது?

துடைத்தால் போய்விடுகிறது, அதனால் பூஞ்சணம் இல்லை என்று வாதிடுபவர்களும் உண்டு. இளம் பூஞ்சணம் மென்மையான துணிக்கே வந்துவிடும். வித்துகள் அந்தத் துணியிலும் மரத்திலும் பக்கத்துச் சுருட்டிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

சரி, உண்மையாகவே முதிர்ந்த சுருட்டு எப்படி இருக்கும்? வெள்ளையைக் கொண்டாடும் அளவுக்கு யாரும் இதைக் கவனிப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். புதுப் புளி செம்பழுப்பாக இருந்து, ஒரு வருடம் ஜாடியில் கிடந்தால் கறுத்துவிடுகிறதல்லவா? சுருட்டின் மேலிலையும் அப்படித்தான் ஆழ்ந்துபோகும். ஆனால் புளியைப்போல வேகமாக அல்ல, மிக மெதுவாக, ஒரு சாயல் மட்டும். மேடும் பள்ளமுமாகத் தெரிந்த நிறம் சமன்படும். புதிதில் தோல்போல மின்னிய எண்ணெய்ப்பசை அடங்கி, பட்டுத்துணியின் மங்கிய ஒளி வரும். உடல் ஒரு நூலிழை சுருங்கும், அதனால் இறுக்கமாக இருந்த காகித வளையம் தளர்ந்து, விரலால் தள்ளினால் நகரும். நெருக்கி அடுக்கிய பெட்டி என்றால் உருண்டை வடிவம் போய்ப் பக்கங்கள் சற்றுத் தட்டையாகும். இவை எல்லாம் நல்ல அறிகுறிகள், பதற வேண்டாம்.

கண்ணாடித்தாள் சுற்றிய சுருட்டு இன்னும் வெளிப்படையாகப் பேசும். அது பிளாஸ்டிக் அல்ல, மரக்கூழிலிருந்து செய்யும் செலோபேன், ஈரத்தை உள்ளே வெளியே விடும். இலையின் எண்ணெயும் பிற சத்துகளும் அதில் ஏறி, தெளிவாக இருந்த தாள் முதலில் வைக்கோல் நிறம், பிறகு தேன் நிறம், பல ஆண்டுகளில் காய்ச்சிய வெல்லப்பாகின் நிறத்துக்கு வந்துவிடும். தாளை உருவிப் பார்த்தால் இலை தொட்ட இடம் அடர்ந்தும் தொடாத நுனி வெளுத்தும் இருக்கும். வயதுக்கு நான் நம்பும் சாட்சி அதுதான். மேலிலையில் அங்கங்கே தெரியும் வெளிர்பச்சைத் திட்டைக் காட்டி "கெட்டுவிட்டதா?" என்று கேட்கிறார்கள். அது இலை காயும்போதே தங்கிய பச்சையம், வயதுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அடுத்தது துளை. குண்டூசி குத்தியதுபோல ஒன்று இரண்டு மில்லிமீட்டர் வட்டம், கீழே மெல்லிய பழுப்புத் தூள். இதைப் பார்த்தால் நொடியும் தாமதிக்காதீர்கள். புகையிலை வண்டு. உங்கள் சமையலறை மஞ்சள் கிழங்கையும் மல்லியையும் துளைத்துப் பொடியாக்குகிறதே, அதே வண்டு. முட்டை பெரும்பாலும் இலையோடே வந்துவிடும். பெட்டிக்குள் வெப்பம் 24 டிகிரியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் பொரித்துவிடும். சென்னை மே மாதத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. துளை விழுந்ததை எடுத்து எறியுங்கள். மற்றவற்றை இரண்டு அடுக்கு ஜிப் பையில் காற்றை வெளியேற்றி அடைத்து, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் குறைந்தது 3 நாள், பிறகு குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள், பிறகு அறையில் ஒரு நாள். அதுவரை பையைத் திறக்கவே கூடாது. திறந்தால் மேலிலையில் நீர் கோத்து வெடிக்கும். "துளை இல்லாதவை நன்றாகத்தானே இருக்கின்றன" என்று அவற்றை மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள்.

பெட்டிக்குள் இருக்க வேண்டிய ஈரப்பதம் 65-லிருந்து 69 விழுக்காடு, வெப்பம் 18-லிருந்து 20 டிகிரி. நம் கடலோர ஊரில் 65-ஐ ஒட்டியே வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெளிக்காற்றே 80-ஐத் தாண்டும்போது பெட்டிக்குள் ஈரம் தர வைக்கும் பஞ்சு எதற்கு? பகலெல்லாம் ஏசி ஓடி இரவில் அணையும் அறையில் பெட்டியை வைக்காதீர்கள், அந்த ஏற்ற இறக்கத்தில்தான் பூஞ்சணம் பிடிக்கிறது. அந்தப் பஞ்சில் குழாய்த்தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். வறண்டு மொடமொடத்த சுருட்டை ஒரே நாளில் ஈரப்படுத்த முயல வேண்டாம், வாரக்கணக்கில், படிப்படியாக. ஈரப்பதமானியை வாங்கிய அன்றே நம்பிவிடாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சில சொட்டு நீர் விட்டு ஈரமணல்போலக் குழைத்து, கருவியோடு சேர்த்துக் காற்றுப்புகாத டப்பாவில் ஒரு நாள் மூடிவையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் கருவி ஐந்து குறைத்துச் சொல்கிறது. நான் சோதித்த கருவிகளில் வட்ட முள் வைத்தவைதான் அதிகம் ஏமாற்றியிருக்கின்றன.

பூஞ்சணம் வந்தே விட்டது என்றால், முதலில் அதைப் பெட்டியிலிருந்து பிரியுங்கள். மேலுடம்பில் மட்டும் லேசாக இருந்தால் வீட்டுக்கு வெளியே வைத்துத் துடைத்து, தனியாக இரண்டு வாரம் கண்காணியுங்கள். பற்றவைக்கும் முனையில் வெள்ளை தெரிந்தால் உள்ளிலைக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். எறிந்துவிடுங்கள். விலையை நினைத்துக்கொண்டு அதைப் புகைக்காதீர்கள், மன்றாடிக் கேட்கிறேன்.

வயதான பெற்றோரின் அலமாரியில் பழைய பெட்டி கிடைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு காலத்தில் ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. உறையூர்ச் சுருட்டு கடல் கடந்து போனது. உங்கள் வீட்டில் இருப்பது எது என்று தெரியாமல் துடைக்கவும் கழுவவும் வெயிலில் காயவைக்கவும் செய்யாதீர்கள். பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், பெட்டியின் அடிப்பக்கத்தையும் சேர்த்து. கியூபப் பெட்டி என்றால் அங்கேதான் முத்திரை இருக்கும்.

மேசைக்கு வந்த அந்த 25-இல் 16-இன் முனைக்குள்ளேயே வெள்ளை இறங்கியிருந்தது. ஏழு, துடைத்த பிறகு என் அலமாரியில் தனியே கண்காணிப்பில் இருக்கின்றன. அடிவரிசை ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த இரண்டில் மட்டும் பூஞ்சணமே இல்லை. நிறம் ஆழ்ந்து, வளையம் தளர்ந்து, மங்கிய ஒளியோடு இருந்தன. அவர் முதலில் காட்டாமல் விட்ட இரண்டு. "இதுதான் சார் உங்கள் அப்பா சேர்த்துவைத்தது" என்று அவற்றை மட்டும் புதுப் பையில் போட்டுக் கொடுத்தேன். பழைய பெட்டியை அவர் கேட்கவில்லை. அடித்தகட்டில் அப்பாவின் கையெழுத்தில் தேதி இருந்தது, அதை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போனார்.