உழவு நின்ற பிறகு மண் என்ன செய்கிறது?

உழுவதை நிறுத்திவிட்டால் நிலம் தானாகப் பழையபடி ஆகிவிடும் என்றுதான் நினைக்கிறோம். சில இடங்களில் அப்படி நடக்கவும் செய்கிறது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1882-ல் கோதுமை வயலின் ஒரு துண்டை அறுக்காமல் விட்டுவைத்தார்கள். நான்கைந்து ஆண்டுகளில் கோதுமை அநேகமாக அழிந்துபோனது. இன்று அதில் தொடாமல் விட்ட பகுதியில் நிற்பது மரக்காடு.

அமெரிக்காவில், மினசோட்டாவின் சீடர் கிரீக்கில் கதை வேறு. உழவு நின்று 91 ஆண்டுகள் ஆன பிறகும், உழப்படாத புல்வெளியில் உள்ள தாவர வகைகளில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் அங்கே திரும்பியிருந்தது.

ஏன்? மண்வெட்டியால் ஒரு குழி வெட்டிப் பாருங்கள். மேலே பொலபொலவென்று மண். அப்புறம் திடீரென்று 'டங்' என்று தட்டுப்படும். கலப்பை ஆண்டாண்டாக ஒரே ஆழத்தில் அழுத்தி உண்டாக்கிய கெட்டி அடுக்கு அது. அதைத் தொட்ட வேர், இறங்க வழியில்லாமல் மடங்கிப் பக்கவாட்டில் ஓடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், மண்ணில் மிஞ்சிக் கிடக்கும் உரம். தழைச்சத்து (நைட்ரஜன்) மழையில் கரைந்தும் காற்றில் கலந்தும் போய்விடும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) அப்படியில்லை, மண் துகளைப் பிடித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் இருக்கும். சத்து மிகுந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சத்து குறைந்த மண்ணுக்குப் பழகி, நிதானமாக வளரும் நாட்டுச் செடிகளை, மடமடவென்று வளரும் சில புற்கள் நிழலிட்டே கொன்றுவிடும். அதனால் மிகுந்த சத்தைக் குறைக்க, புல்லை வெட்டி வெளியே கொண்டுபோகிறார்கள். சில இடங்களில் மேல்மண்ணையே வழித்து எடுக்கிறார்கள். பாடுபட்டு மண்ணை வளர்த்தவருக்கு இதைக் கேட்கவே வலிக்கும்.

சரி, விதை எங்கிருந்து வரும்? 1879-ல் அமெரிக்கத் தாவரவியலாளர் வில்லியம் பீல், விதை எத்தனை காலம் உயிரோடு இருக்கும் என்று பார்க்க, 20 புட்டிகளில் விதைகளைப் புதைத்தார். 2021-ல் தோண்டிய புட்டியிலும் சில விதைகள் முளைத்தன. ஆனால் அவை களைச்செடி வகை. பெரிய விதை கொண்ட காட்டு மரங்கள் பலவற்றின் விதை சில மாதங்கள்கூடத் தாங்காது. ஆகவே வயலுக்குள் காத்திருப்பது களை. காடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். கொண்டுவருபவை பறவைகளும் வௌவால்களும். பழம் தின்னும் பறவைகளில் பல, உட்கார இடமில்லாத பொட்டல்வெளிக்கு வருவதில்லை. ஒற்றை மரம் நின்றால் போதும். அதன் அடியில், உலர்ந்த எச்சத்துக்கு நடுவே, சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் இல்லாத கன்றுகள் எட்டிப் பார்க்கும். நிலம் முழுக்க வரிசையாக நடுவதைவிட, அங்கங்கே கொத்தாக நட்டுவிட்டு மீதியைப் பறவைகளிடம் விடுவது எனக்கு அதிகம் பிடித்த வழி.

வேரோடு கூடி வாழும் பூஞ்சைகளையும் உழவு குலைத்துவிடுகிறது. அப்படிப்பட்ட மண்ணுயிர்களைத் திரும்பக் கொண்டுவர, நெதர்லாந்தில் பழைய வயல்கள்மீது, இயற்கையான புதர்வெளியின் மண்ணையும் புல்வெளியின் மண்ணையும் தனித்தனியே மெல்லிசாகத் தூவினார்கள். ஆறு ஆண்டுகளில், புதர்வெளி மண் விழுந்த இடம் புதர்வெளியை நோக்கியும், புல்வெளி மண் விழுந்த இடம் புல்வெளியை நோக்கியும் போயிருந்தது. மேல்மண்ணை முதலில் வழித்துவிட்ட துண்டுகளில்தான் அந்த மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது.