காதுக்கும் நாடிக்கும் ஒரே வாயில்

2000-ஆம் ஆண்டில், ஒரே ஒரு மரபணுவை நீக்கிச் சுண்டெலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். பிறவியிலிருந்தே அவற்றுக்குக் காது கேட்கவில்லை. சும்மா இருக்கும்போது இதயமும் மெதுவாக, தாளம் தப்பித் துடித்தது. காதுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? அந்த மரபணு தரும் புரதம்தான் சம்பந்தம். செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு கால்சியம் வாயில் அது. பெயர் சிஏவி 1.3.

செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம் அயனிகளின் செறிவு, உள்ளே இருப்பதைப் போலச் சுமார் 10,000 மடங்கு. எனவே வாயில் திறந்த கணமே கால்சியம் உள்ளே பாயும். செல்லுக்கு அதுவே செய்தி.

இந்த வாயிலில் நான் வியந்து நிற்கும் இடம் அதன் குறுகிய கழுத்து. சோடியம் அயனியும் கால்சியம் அயனியும் ஏறக்குறைய ஒரே பருமன். வெளியே சோடியமோ நூறு மடங்குக்கு மேல் அதிகம். சல்லடை போட்டுப் பிரிக்க வழியில்லை. ஆனால் கழுத்தைச் சுற்றி எதிர்மின்சுமையுள்ள நான்கு குளூட்டமேட்டுகள் (புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களில் ஒரு வகை) இருக்கின்றன. இரட்டை நேர்மின்சுமை கொண்ட கால்சியத்தை அவை இறுகப் பிடித்துக்கொள்வதால், ஒற்றைச் சுமைச் சோடியத்துக்கு வழி அடைபடுகிறது. சரி, இறுகப் பிடித்தால் கால்சியம் எப்படி நகரும்? பின்னாலேயே இன்னொரு கால்சியம் வந்து நெருக்கும்போது, முன்னதன் பிடி தளர்ந்து அது உள்ளே போய்விடும். இப்படியே நொடிக்குப் பத்து லட்சம் அயனிகள்வரை கடக்க முடியும்.

இதன் உடன்பிறப்பான சிஏவி 1.2 இதயத் தசையைச் சுருங்க வைப்பது. அது திறக்க, சவ்வின் இருபுறத்துக்கும் இடையிலான மின்னழுத்தம் நன்றாக ஏற வேண்டும். 1.3 அப்படியில்லை, மைனஸ் 55 மில்லிவோல்ட் அளவிலேயே திறக்கத் தொடங்கிவிடும்.

உள்காதின் மயிர்செல்லுக்கு இதுதான் தேவை. ஒலி வந்ததும் அதன் உச்சியில் உள்ள மயிர்க்கற்றை சாய்கிறது, மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் நகர்கிறது. அவ்வளவுதான். அடிப்பகுதியில் 1.3 திறக்கிறது; பக்கத்திலேயே காத்திருக்கும் பைகள் சவ்வோடு இணைந்து, நரம்புக்குச் செய்தி சொல்லும் குளூட்டமேட்டை வெளியே விட, செவி நரம்பு தூண்டப்படுகிறது. ஒலி நீடித்தாலும் இந்த வாயில் சட்டென்று மூடிக்கொள்ளாது. 1.3 இல்லாவிட்டால் மயிர்க்கற்றை ஆடும், நரம்புக்குச் செய்தி போகாது.

இதயத்தில், நாடியைத் தொடங்கி வைக்கும் சைனஸ் கணுவின் செல்களில் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே மின்னழுத்தம் தானாகவே மெல்ல ஏறும். முன்கூட்டியே திறக்கும் 1.3 அந்த ஏற்றத்தை விரைவுபடுத்துகிறது. வேறு வாயில்களும் கைகொடுப்பதால், இது இல்லாமல் இதயம் நின்றுவிடுவதில்லை, நிதானித்துவிடுகிறது.

அட்ரீனல் சுரப்பியிலும் இது உண்டு. அங்கே இது அளவுக்கு மீறித் திறந்தால் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடி, ரத்த அழுத்தம் ஏறும்.

அப்புறம் 2011-இல், பாகிஸ்தானைச் சேர்ந்த இரண்டு குடும்பங்களில் அந்தச் சுண்டெலிகளின் அதே நிலையைக் கண்டார்கள்: பிறவியிலேயே கேளாமை, ஓய்வில் மெதுவான நாடி. அவர்களுடைய 1.3 புரதத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் ஒன்று கூடுதலாக நுழைந்திருந்தது. வாயில் சவ்வில் தன் இடத்துக்குச் சரியாக வந்து சேர்ந்திருந்தது. அதன் வழியே கால்சியம் மட்டும் பாயவில்லை.